ஹாக்கி ரொமான்ஸ் நாவலைத் தோழியோடு சேர்ந்து வாசிக்க எந்த வழி சரிப்படும்?

ஒரே நாவலை இரண்டு தோழிகள் ஒரே சமயத்தில் வாசிக்க இன்று ஐந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் அத்தியாயக் கணக்கு வைத்துப் பேசலாம். வாசித்த இடம்வரை மட்டும் குறிப்புகளைத் திறந்து காட்டும் செயலியில் சேரலாம். ஒரே அச்சுப் பிரதியில் மாறி மாறி எழுதலாம். ஆடியோபுக் கேட்கலாம். போனில் ஒருவருக்கு ஒருவர் உரக்க வாசிக்கலாம். எந்த நாவலுக்கும் இவை ஒத்துவரும். ஐஸ் ஹாக்கி ரொமான்ஸ், அதாவது ஐஸ் ஹாக்கி வீரன் நாயகனாக வரும் காதல் கதை என்று வந்தால் மட்டும் இவற்றில் இரண்டு தேறும், ஒன்று பாதி தேறும், மற்றவை அலங்காரம்தான். அந்த வகை நாவலின் கட்டுமானம் அப்படி.

பெரும்பாலும் 350 முதல் 450 பக்கம், 35 முதல் 45 சின்னச் சின்ன அத்தியாயங்கள். ஒரு அத்தியாயத்தை அவள் சொல்வாள், அடுத்ததை அவன் சொல்வான். கதை எப்படி முடியும் என்பது அட்டையைப் பார்த்தாலே தெரியும். இருவரும் சேர்வார்கள், கடைசிப் பின்கதையில் மோதிரமோ குழந்தையோ வரும். பிறகு ஸ்பாய்லர் என்று கெட என்ன இருக்கிறது? ‘எப்போது’ என்பது இருக்கிறது. முதல் முத்தம் எந்த அத்தியாயத்தில், காதலை முதலில் வாய்விட்டுச் சொல்வது யார், முக்கால்வாசியில் வரும் பிரிவு எதனால்: இந்த வகையில் சரக்கே இவ்வளவுதான். துப்பறியும் கதையைக் கெடுக்கக் கொலைகாரனின் பெயரைச் சொல்லியாக வேண்டும். இங்கே ‘ஐயோ, 24!’ என்று ஒரு வரி அனுப்பினாலே போதும். மற்றவள் 24ஆவது அத்தியாயம் வரும்வரை எந்தச் சண்டையையும் நம்பமாட்டாள், எந்தச் சமாதானத்தையும் நம்பமாட்டாள்.

வழியைப் பார்ப்பதற்கு முன் பிரதியைப் பாருங்கள்

ஒருத்தியிடம் அச்சுப் புத்தகம், இன்னொருத்தியிடம் மின்னூல் என்றால் பக்க எண் உதவாது. சதவீதமும் முழுக்க நம்பத்தக்கதல்ல. மின்னூலின் 100 சதவீதத்துக்குள் நன்றியுரை, ஆசிரியர் குறிப்பு, அடுத்த நாவலின் முதல் அத்தியாயம் எல்லாம் அடங்கும். கதை 92, 95 சதவீதத்திலேயே முடிந்துவிடுவதுண்டு. ஆடியோபுக்கில் வேறு தொல்லை: தொடக்க அறிவிப்பையும் சமர்ப்பணத்தையும் தனித்தனிப் பகுதிகளாக எண்ணுவதால், செயலி ‘12’ என்று காட்டுவது நூலில் 10ஆவது அத்தியாயமாக இருக்கலாம். எனவே நிறுத்தும் இடத்தை மூன்று அடையாளத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்: அத்தியாய எண், சொல்வது அவனா அவளா, அத்தியாயத்தின் முதல் நான்கு சொற்கள். இந்த மூன்றும் ஒத்துப்போனால் பிசகாது.

பதிப்பையும் சரிபாருங்கள். இந்த வகையில் பல நாவல்கள் முதலில் ஆசிரியரே வெளியிட்டவை. பிறகு பெரிய பதிப்பகம் எடுக்கும்போது திருத்தமும் நடக்கும், கூடுதல் அத்தியாயமும் சேரும். ஒருத்தியிடம் பழைய மின்னூல், இன்னொருத்தியிடம் புதிய அச்சுப் பிரதி என்றால் கடைசி நாளில் ஒருத்தி மட்டும் இன்னும் 15 பக்கம் வாசித்துக்கொண்டிருப்பாள்.

டொரண்டோவில் ஒருத்தி, சென்னையில் ஒருத்தி என்றால் கருவியும் குறுக்கே நிற்கலாம். கனடாவில் கோபோ என்ற மின்னூல் கருவியும் அதன் கடையும் பரவலாகப் புழங்குபவை. அந்த நிறுவனத்தின் தலைமையகமே டொரண்டோதான். அமேசானின் சந்தாத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட்டில் ஆசிரியரே வெளியிட்டு வைத்திருக்கும் நாவலின் மின்னூலை, அந்த ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேறு மின்னூல் கடையில் விற்க ஆசிரியருக்கு அனுமதி கிடையாது. ஆகவே கோபோவில் தேடினால் கிடைக்காது. அச்சுப் பிரதிக்கு அந்தத் தடை இல்லை. நாள் குறிப்பதற்கு முன் இருவரும் அவரவர் கருவியில் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

எங்கே நிறுத்துவது

40 அத்தியாயம் கொண்ட நாவலைச் சமமாக நான்காகப் பிரிப்பதுதான் எல்லாரும் செய்வது, சொதப்புவதும் அங்கேதான். அவள் ஒன்று, அவன் ஒன்று என்று போகும் கதையில் ஒரே சம்பவம் இரண்டு வாயால் சொல்லப்படும். அவள் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்தினால் அந்த வாரம் முழுக்க அவனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். மறுவாரம் அவன் பக்கம் வந்ததும் அத்தனையையும் திரும்பப் பெற வேண்டியிருக்கும். ஜோடியாக முடியும் இடத்தில் நிறுத்துங்கள். அது எப்போதும் இரட்டைப்படை எண்ணில் வரும் என்று நினைக்க வேண்டாம். சில ஆசிரியர்கள் நடுவில் ஒருவருக்கே தொடர்ந்து இரண்டு அத்தியாயம் கொடுப்பார்கள். உள்ளடக்கப் பக்கத்தில் அல்லது அத்தியாயத் தலைப்பில் பெயர் இருக்கும், அதைப் பார்த்தால் போதும்.

ஏறத்தாழ 1–10, 11–20, 21–28 என்று மூன்று நிறுத்தம் வையுங்கள். 28க்கு அப்புறம் நிறுத்தமே வேண்டாம். பிரிவு பெரும்பாலும் 75 முதல் 80 சதவீதத்துக்குள் வந்து விழும். அணி மாற்றம், மறைத்த காயம், அப்பாவின் போன் அழைப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னால் இருவரில் ஒருத்தி கட்டாயம் ஏமாற்றுவாள். கடைசி 12 அத்தியாயத்தை ஒரே வாரயிறுதிக்கு ஒதுக்கிவிடுங்கள். 120 பக்கம்போல் வரும், சாதாரண வேகத்தில் மூன்று மணி நேரம்.

வாட்ஸ்அப்: செலவில்லை, காவலும் இல்லை

எல்லாரும் இதில்தான் தொடங்குகிறார்கள். ஆபத்து உரையாடலுக்குள் இல்லை, பூட்டிய திரையில் வரும் அறிவிப்பில்தான் இருக்கிறது. ‘அவன் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போறானாம்டி!’ என்ற வரி அலுவலகக் கூட்டத்தின் நடுவே மேசையில் கிடக்கும் போனில் மின்னினால் அந்த வாரம் கெட்டது. முதல் வரியில் அத்தியாய எண்ணை மட்டும் எழுதி, ஏழெட்டு வரி வெறுமையாக விட்டு, அதற்குக் கீழே விஷயத்தை எழுதினால் அறிவிப்பில் பெரும்பாலும் எண் மட்டும் தெரியும். வாய்ஸ் நோட்டுக்கும் இதே முறை: முதலில் ‘அத். 18 முடிச்சவங்களுக்கு மட்டும்’ என்று எழுத்தில், பிறகு ஒலி. முன்னால் எண் இல்லாத வாய்ஸ் நோட்டைத் தோழி பாதியில் நிறுத்துவதற்குள் விஷயம் காதில் விழுந்திருக்கும்.

டெலிகிராமிலும் டிஸ்கார்டிலும் எழுத்தை மறைத்து, தட்டினால் மட்டும் தெரியவைக்கும் வசதி உண்டு. டிஸ்கார்டில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனி இழை திறக்கலாம், வாசிக்காத இழைக்குள் போகாமல் இருக்கலாம். இரண்டு பேருக்கு அது கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் வேகம் வித்தியாசப்படும் தோழிகளுக்கு வாட்ஸ்அப்பைவிட மேல். ஒருத்தி நாளைக்கு 100 பக்கம், இன்னொருத்தி 20 பக்கம் என்றால் வாட்ஸ்அப் நிச்சயம் தோற்கும். வேகமானவள் மூன்று நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்துவிட்டு நான்காம் நாள் ஒரு கண்ணீர் முகத்தை மட்டும் அனுப்புவாள். அதுவும் ஸ்பாய்லர்தான்.

பூட்டிய குறிப்புகள்: இந்த வகைக்கென்றே அமைந்தது

ஸ்டோரிகிராஃப் போன்ற செயலிகளில் இருவர் சேர்ந்து வாசிக்கும் வசதி இருக்கிறது. ஒருத்தி 47 சதவீதத்தில் குறிப்பு எழுதினால், மற்றவள் 47 சதவீதத்தைத் தொடும்வரை அது பூட்டியே கிடக்கும். ‘எப்போது’ என்பதே சரக்காக இருக்கும் நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. வேக வித்தியாசமும் இங்கே பிரச்சினை ஆகாது. மெதுவாக வாசிப்பவளுக்கு, தான் போகும் வழியெல்லாம் தோழி ஏற்கெனவே விட்டுச்சென்ற குறிப்புகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

கெடுவது மூன்று இடத்தில். காட்சியை முழுக்க வாசித்துவிட்டு, அது தொடங்கிய பக்கத்தின் எண்ணைப் போட்டுக் குறிப்பை எழுதுவது முதலாவது. தோழி காட்சிக்குள் நுழையும்போதே குறிப்பு திறந்துவிடும். காட்சி முடியும் பக்கத்தின் எண்ணைப் போடுங்கள். வாசித்து முடித்ததாகத் தவறுதலாகக் குறித்துவிடுவது இரண்டாவது. எல்லாப் பூட்டும் ஒரேயடியாகத் திறக்கும். பதிப்பு வேறாக இருப்பது மூன்றாவது. மேலே சொன்ன பின்னிணைப்புக் கணக்கால் சதவீதம் மூன்று நான்கு புள்ளி தள்ளிப்போகும். பாதுகாப்புக்கு, பெரிய காட்சிகளுக்கான குறிப்பை ஐந்து புள்ளி தள்ளியே போடுங்கள்.

பணம் மிச்சம் பிடிக்க ஒரே கிண்டில் கணக்கை இரண்டு கருவியில் வைத்து வாசிப்பவர்களும் உண்டு. அது வேண்டாத வேலை. கணக்கில் யார் அதிகத் தூரம் போயிருக்கிறாரோ அந்தப் பக்கத்துக்கு ‘போகலாமா’ என்று மற்றவரின் கருவி கேட்கும். கைதவறித் தட்டினால் பிரிவுக் காட்சியில் போய் நிற்பீர்கள். ஒத்திசைவை நிறுத்தினால் அடிக்கோடுகளும் ஒன்றுசேராது, பிறகு எதற்கு ஒரே கணக்கு? தனிக் கணக்கு என்றாலும், பலர் கோடிட்ட வரிகளைக் காட்டும் அமைப்பை இருவருமே அணைத்துவிடுங்கள். எத்தனையோ பேர் கோடிட்ட வரி என்றால் அங்கே ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

ஒரே பிரதி, இரண்டு பேனா

ஒருத்தி ஓரத்தில் எழுதி வாசித்து முடித்துவிட்டு மற்றவளிடம் கொடுக்க, அவள் வேறு நிறத்தில் பதில் எழுதுவது. அழகான முறை, ஒரே ஊரில் இருந்தால் மட்டும். தபாலில் கண்டம் தாண்டி அனுப்பும் செலவில் இன்னொரு பிரதியே வாங்கிவிடலாம்.

இந்த நாவல்களின் தாள் மெல்லியது. ஜெல் பேனா மறுபக்கம் ஊறும், ஹைலைட்டர் அதைவிட மோசம். பால்பாயின்ட் அல்லது எச்.பி. பென்சில் போதும். நீளமாக எழுத வேண்டுமென்றால் ஒளி ஊடுருவும் ஒட்டுத்தாளை வரிக்கு மேலேயே ஒட்டி அதன்மேல் எழுதலாம். எழுதும் விதி ஒன்றே ஒன்று: அந்த வரிவரைக்கும் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். ‘பொறு, 30ல பாரு’ என்று எழுதக் கூடாது.

இதைச் சரியாகக் கடைப்பிடிப்பவர்களும் கோட்டைவிடுவது வண்ண ஒட்டுத்துண்டுகளில். 210ஆம் பக்கத்துக்குப் பக்கத்தில் ஏழு சிவப்புத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் புத்தகத்தைத் திறக்காமலேயே முதல் முத்தம் எங்கே என்று தெரிந்துவிடும். துண்டுகளைத் தாளின் விளிம்பைத் தாண்டாமல் உள்ளடங்கி ஒட்டுங்கள். வெளியே நீட்டும் அலங்காரமெல்லாம் இருவரும் முடித்த பிறகு.

ஆடியோவும் உரத்த வாசிப்பும்

ஆடியோபுக் 9 முதல் 12 மணி நேரம் ஓடும். இருவர் குரல் கொடுக்கும் பதிப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அவள் அத்தியாயத்தை, அதில் வரும் அவன் வசனம் உட்பட, பெண் குரலே முழுக்கச் சொல்லும். மற்றதில் அவரவர் வசனத்தை அவரவர் குரல் பேசும். வாங்கும் முன் மாதிரியைக் கேளுங்கள், பிடிக்காத குரலோடு 10 மணி நேரம் தள்ள முடியாது. ஒருத்தி 1.5 மடங்கு வேகத்தில் கேட்டால் 10 மணி நேரம் 6 மணி 40 நிமிடமாகிவிடும், சேர்ந்து கேட்பது என்பதே போய்விடும். படுக்கையறைக் காட்சி சொல்லிக்கொண்டு வராது, எனவே ஸ்பீக்கரில் வைக்காதீர்கள்.

உரக்க வாசிப்பதில் கணக்கே இடிக்கிறது. நிமிடத்துக்கு 150 சொல் என்றால் ஒரு லட்சம் சொல் கொண்ட நாவலுக்கு 11 மணி நேரத்துக்கு மேல். டொரண்டோவில் இரவு 9 மணி என்பது சென்னையில் கோடையில் காலை 6:30, குளிர்காலத்தில் 7:30. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் யார் கேட்பது? முழு நூலுக்கு இது ஆகாது. இருவரும் முடித்த பிறகு, சண்டை போட்டுச் சிரித்த ஒன்றிரண்டு அத்தியாயத்தை அவன் வசனம் ஒருத்தி, அவள் வசனம் ஒருத்தி என்று பிரித்து வாசிக்க அருமையான வழி.

ஒருத்திக்கு ஹாக்கி தெரியாது என்றால்

அப்போது ஓரக்குறிப்பும் பூட்டிய குறிப்பும் வாட்ஸ்அப்பை வெகுதூரம் முந்திவிடும், விளக்கம் அந்த வரியிலேயே கிடைப்பதால். விளக்க வேண்டியது அதிகமில்லை. ஆட்டம் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. களத்தில் கோல்கீப்பரோடு அணிக்கு ஆறு பேர். சிறிய தவறுக்கு 2 நிமிடம் வெளியே. அதற்குள் எதிரணி கோல் போட்டால் தண்டனை அதோடு முடியும். கைகலப்புக்கு 5 நிமிடம், கோல் விழுந்தாலும் முடியாது. இருவரும் சேர்ந்து அடித்துக்கொண்டால் இரண்டு பேருமே வெளியே போவார்கள், அணிகளின் ஆள் கணக்கு மாறாது. வலிந்து தொடங்கியவனுக்குத்தான் கூடுதலாக 2 நிமிடம். கதாநாயகன் காதலிக்காகக் கைகலந்து அணியைத் தவிக்கவிட்டான் என்று எழுதியிருந்தால் இந்த இரண்டு நிமிடம் கதையில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் பருவம் அக்டோபர் வாக்கில் தொடங்கும், ஒரு அணிக்கு 82 ஆட்டம் (2026–27 பருவத்திலிருந்து 84), கோப்பை ஜூனில். வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு வழக்கமாக மார்ச்சில் முடியும். நாவலில் பிப்ரவரி பனி பெய்யத் தொடங்கினால் வயிற்றில் புளியைக் கரைப்பது அதனால்தான். அணிகள் காயத்தைப் பற்றி ‘மேலுடல் காயம்’ என்பதற்குமேல் பெரும்பாலும் சொல்வதில்லை. அவனுக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாமல் 40 பக்கம் ஓடுவதற்கு இது நியாயமான காரணம், ஆசிரியரின் சால்ஜாப்பு அல்ல. பிளேஆஃப் ஆட்டம், அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் ஆட்டம், பெனால்டி ஷூட்அவுட்டில் முடிந்ததாக எழுதியிருந்தால் அது தவறு. அங்கே முதல் கோல் விழும்வரை 20 நிமிடப் பகுதிகளாக ஆடிக்கொண்டே இருப்பார்கள்.

தொடராக வந்த நாவல் என்றால் ஒவ்வொரு நூலிலும் அணியின் வேறொரு வீரன் நாயகன், முந்தைய ஜோடிகள் பின்னணியில் வந்து போவார்கள். மூன்றாவது நூலில் தொடங்கினால் முதல் இரண்டின் முடிவும் ஓசியில் தெரிந்துவிடும். ஒருத்தி ஏற்கெனவே தொடரை வாசித்தவள் என்றால் பூட்டிய குறிப்பைவிட ஒரே பிரதி முறைதான் சரி. அவளுக்குத் திரும்ப வாசிப்பு, மற்றவளுக்கு முதல் வாசிப்பு. முதலில் பேனா பிடிக்க வேண்டியவள் புதியவள்.