பொதுச் சலவை அறையில் 6 வருடம்: சண்டை வருவது எங்கே?

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகளுக்கு 3 வாஷிங் மெஷின், 2 டிரையர். எல்லாம் தரைத்தளத்தில் ஒரே அறையில் இருக்கின்றன. குடிவந்து 6 வருடம் ஆகிறது, இன்றுவரை தனி மெஷின் வாங்கவில்லை. மெஷின்களைப் பற்றிப் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை மெஷின் நின்ற பிறகு, துணி உள்ளேயே கிடக்கும் நேரத்தில் வந்தவை.

முதல் வருடம் நானே ஒன்றில் மாட்டிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை 3 மெஷினும் ஓடி முடிந்து நிற்கின்றன, ஆளைக் காணோம். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றைத் திறந்து ஈரத் துணிகளை அள்ளி மெஷின் மேலேயே வைத்தேன். அங்கே யாரோ சிந்திய சோப்புத்தூள் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு தலையணை உறை நழுவித் தரையில் விழுந்திருந்தது, அதையும் பார்க்கவில்லை. துணிக்குச் சொந்தக்காரரான அக்கா வந்து பார்த்தார். "லேட்டா வந்தது என் தப்புதான் தம்பி. அதுக்காக உள்ளாடையெல்லாம் இப்படி எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்கலாமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. காத்திருந்த எரிச்சலில், அது இன்னொருவர் உடம்பில் போடும் துணி என்பதே எனக்குத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் சில வீடுகள் சேர்ந்து பேசி, ஒரு சிறிய வெள்ளைப் பலகையும் வீட்டு எண் எழுதிய கூடைகளும் வைத்தோம். துணி போட்டதும் வீட்டு எண்ணையும் முடியும் நேரத்தையும் பலகையில் எழுத வேண்டும். முடிந்து 10 நிமிடம் ஆகியும் ஆள் வராவிட்டால், அடுத்தவர் அந்தத் துணியை அந்த வீட்டுக் கூடைக்கு மாற்றி மேலே ஒரு துண்டைப் போட்டு மூடலாம். டிரையரில் மட்டும் போடவே கூடாது. உதவி செய்வதாக நினைத்து ஒருவர் அப்படிப் போட்டதில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் குழந்தை போடும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த இரண்டு வீடுகளும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

பலகை வந்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. "45 நிமிடம்னு எழுதினீங்க, ஒரு மணி நேரம் ஆகுதே" என்று அடிக்கடி வாக்குவாதம் வரும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. மெஷின் காட்டும் நேரம் ஒரு மதிப்பீடுதான். நுரை அதிகமானால் பல மெஷின்கள் அதைக் கண்டுபிடித்துக் கூடுதலாக ஒருமுறை அலசும். பெட்ஷீட் ஒரே பக்கம் சுருண்டு எடை சாய்ந்தால், பிழிவதை நிறுத்தித் துணியைப் பரப்பிவிட்டு மறுபடி சுற்றப் பார்க்கும். ஆக, ஒருவர் கூடுதலாகப் போடும் அரை மூடி சோப்பு, அடுத்து நிற்பவரின் நேரத்தைத் தின்கிறது. முன்பக்கக் கதவு மெஷினில் குறைந்த நுரை வரும் சோப்பைக் கொஞ்சமாகப் போட்டாலே போதும். டிரம்மில் துணிக்கு மேலே ஒரு கை நுழையும் இடம் இருக்கட்டும். நான் போனில் 5 நிமிடம் முன்பே அலாரம் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். நின்ற பிறகும் கதவுப் பூட்டு விடுபட ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அந்த நேரத்தில் கைப்பிடியை இழுத்து இழுத்து அதை உடைத்தவர்களும் உண்டு.

டிரையரைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முறையும் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்துவிட்டுப் போங்கள். அடைத்துக்கொண்டால் துணி காய நேரம் பிடிக்கும் என்பதோடு, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, நேரிலேயே சொல்லிவிடுவேன்.

வாஷிங் மெஷின் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் தண்ணீர் தேங்கினால் நாற்றம் வரும். ஒரு துடை துடைத்துக் கதவைத் திறந்து வைத்தால் போதும், அரை நிமிட வேலை. அப்புறம், பிளீச் போட்டவர்கள் ஒருமுறை வெறும் தண்ணீரில் ஓடவிட்டுப் போக வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும், தோல் ஒவ்வாமை உள்ள வீட்டிலும் தனி மெஷின் வாங்குவதே நல்லது என்பேன். முந்தைய ஆள் ஊற்றிய வாசனைத் திரவம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

ஞாயிறு காலையில் ஒரே வீட்டுக்காரர் 3 மெஷினையும் எடுத்துக்கொள்வதற்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு வீட்டுக்கு 2 மெஷின் என்று எழுதி வைக்கலாமா என்று கேட்டேன். ஆறேழு பேர் உள்ள வீடுகள் ஒப்புக்கொள்ளவில்லை. வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒரு காலைதான் இருக்கிறது என்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. இப்போதைக்கு நான் புதன்கிழமை இரவுக்கு மாறிவிட்டேன்.