பல்கனிக் குளிரா, ட்ரையர் சூடா? ரொறன்ரோத் தொடர்மாடியில் மூட்டைப்பூச்சியை ஒழிக்க எது சரிவரும்

ஜனவரி வந்ததும் ஸ்காபரோத் தொடர்மாடிகளின் பல்கனிகளில் மெத்தைகளைப் பார்க்கலாம். "வெளியில மைனஸ் பத்து, ரெண்டு நாள் கிடந்தா எல்லாம் செத்துப்போகும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சாகாது. மூட்டைப்பூச்சியும் முட்டையும் சாக, பொருளின் நடுப்பகுதிவரை மைனஸ் 18 டிகிரி இறங்கி, நாலு நாளாவது விடாமல் அப்படியே நிற்க வேண்டும். ரொறன்ரோவின் சராசரி ஜனவரி இரவு மைனஸ் 10-ஐக்கூடத் தொடுவதில்லை. பகலில் வெயிலும் அடிக்கும். பூச்சி விறைத்துக் கிடந்துவிட்டு, மெத்தை உள்ளே வந்ததும் எழும்பும். போகிற வழியெல்லாம் நாலைந்து உதிர்ந்திருக்கும், அது தனி. ஹீட்டரைக் குறைத்துப் பட்டினி போடலாம் என்பதும் வீண். குளிர்ந்த இடத்தில் அது இரத்தமில்லாமலே பல மாதம் கிடக்கும்.

அதே குளிர் ஃப்ரீசருக்குள் நிலையாக நிற்பதால் வேலை செய்யும். புத்தகம், தோல் சப்பாத்து, கைப்பை, ஃபோட்டோ ஆல்பம் எல்லாவற்றையும் பையில் இறுகக் கட்டி வைக்கலாம். காஞ்சிபுரம் சேலைக்கும் இதுதான் வழி; ட்ரையரில் போட்டால் சேலையை மறந்துவிடலாம். ஒரு தெர்மாமீட்டர் வைத்து, மைனஸ் 18-க்கு உண்மையிலேயே இறங்குகிறதா என்று பாருங்கள். பழைய ஃபிரிட்ஜ்கள் ஏமாற்றும். இடம்தான் தொல்லை: மீனையும் இறைச்சியையும் நாலு நாள் எங்கே வைப்பது?

மற்றத் துணிகளுக்கு ட்ரையரை மிஞ்ச ஒன்றுமில்லை. 50 டிகிரி உடலில் பட்டால் பூச்சியும் முட்டையும் தப்பாது. காய்ந்த துணியை உச்சச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டினால் போதும், தோய்க்கக்கூட வேண்டியதில்லை. ஊரில் கட்டிலை வெயிலில் போட்ட வேலையை இங்கே ட்ரையர் செய்கிறது. கட்டிய பையில் கொண்டுபோய், வேறு புதுப் பையில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பழைய பையிலேயே மடித்து வைத்தால் அவ்வளவு பாடும் வீண்.

துணி ஒரு பக்கம். கட்டில் சட்டத்திலும் சுவரோரப் பலகை இடுக்கிலும் இருப்பதை என்ன செய்வது? இரண்டு வழி: ஆள் வைத்து அறையையே சூடாக்குவது, அல்லது மருந்தடிப்பது.

சூடாக்குவது ஒரே நாளில் முடியும், நச்சும் இல்லை. ஆனால் செலவு அதிகம். குளிர்காலத்தில் வெளிச்சுவரும் ஜன்னல் ஓரமும் மற்ற இடங்களைப்போலச் சூடேறாது, பூச்சி அங்கே ஒதுங்கும். தொடர்மாடி என்றால் பக்கத்து வீட்டுக்கும் ஓடும். முடிந்தபின் தடுக்கிற மருந்து எதுவும் அறையில் மிஞ்சாததால், மறுவாரமே திரும்பி வரலாம். தனிவீட்டுக்கு நான் இதைச் சொல்வேன், வாடகைத் தொடர்மாடிக்குச் சொல்லமாட்டேன்.

மருந்து மெதுவானது. முட்டையை அது பெரும்பாலும் கொல்லாது. பொரிப்பதற்கு ஆறு முதல் பத்து நாளாகும். அதனால் இரண்டு கிழமை கழித்து இரண்டாம் முறையும் அடித்தே ஆக வேண்டும். அடித்தபின் சில மணி நேரம் பிள்ளைகளோடு வெளியே நிற்பது வின்ரரில் பெரும்பாடு, உறவினர் வீட்டை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். ஆனால் அந்த வீட்டுக்குப் பை, தலையணை எதையும் எடுத்துப் போகவேண்டாம். செலவைப் பொறுத்தவரை, ஒன்ராறியோச் சட்டப்படி வீட்டைப் பராமரிப்பது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. எழுத்தில் முறையிடுங்கள், அசையாவிட்டால் நகரசபையின் 311 எண்ணுக்கு அழையுங்கள். மேல், கீழ், பக்கத்து வீடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் விற்கும் புகைக்குண்டு இடுக்குக்குள் போகாது, பூச்சியைக் கலைத்துவிடும், அவ்வளவுதான். ஊரிலிருந்து வருகிறவர் பெட்டியில் வரும், தானியத்தில் பூச்சி பிடிக்காமல் வைக்கும் மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் தொடவேண்டாம். அலுமினியம் பாஸ்பைட் அது, ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயு வரும். 2015 பெப்ரவரியில் அல்பேர்ட்டாவின் ஃபோர்ட் மக்மரியில், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அந்த மருந்தை மூட்டைப்பூச்சிக்கு வைத்த வீட்டில் கைக்குழந்தை இறந்தது. ஜன்னலெல்லாம் அடைத்திருக்கும் மாதம் அது.