டிவியைப் படுக்க வைக்காதீர்கள்: ஊர்ப் பயணத்தில் ஒரு வீடு மாற்றம்

இந்த முறை விடுமுறையில் பாதி, அப்பா அம்மா வீடு மாறுவதிலேயே போய்விட்டது. புது வீட்டில் பெயின்ட் வேலை முடியாததால் சாமான்களைச் சில வாரம் குடோனில் போட்டு வைக்க வேண்டியிருந்தது. கட்டில், பீரோவுக்கு ஒன்றும் ஆகாது. 55 இன்ச் டிவிதான் வயிற்றைக் கலக்கியது. கடைக்காரர் கொடுத்த அட்டைப்பெட்டி எப்போதோ எடைக்குப் போய்விட்டது.

சுவரிலிருந்து கழற்ற வந்த டெக்னீஷியனுக்குத்தான் முதல் மார்க். வந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. "ஆன் பண்ணுங்கண்ணே" என்றார். திரை முழுக்க வெள்ளை, அப்புறம் சிவப்பு என்று ஓடவிட்டு, கோடோ புள்ளியோ இல்லை என்று காட்டி, போட்டோ எடுக்கச் சொன்னார். பின்பக்கம் இருந்த சீரியல் நம்பரையும் எடுத்துக்கொண்டேன். கழற்றும்போது ஆளுக்கொரு பக்கம் நின்று சட்டத்தின் ஓரத்தை மட்டும் பிடித்தோம். போல்ட்டுகளை ஜிப் கவரில் போட்டு, "ரிமோட்டோட வச்சிடுங்க. வேற நீளத்துல போல்ட் போட்டா உள்ள போர்டுல குத்திடும்" என்றார். ரிமோட்டிலிருந்து பேட்டரியை எடுத்துவிட்டேன். நீண்ட நாள் சும்மா கிடந்தால் கசியலாம்.

பேக்கிங் ஆட்கள் வேகமானவர்கள். கொஞ்சம் அதிக வேகம் என்றே சொல்லலாம். திரைமேல் நேராகவே பபிள் ராப்பைச் சுற்ற ஆரம்பித்தார்கள். குமிழ்கள் வாரக்கணக்கில் அழுந்திக் கிடந்தால் திரையில் தடம் விழலாம். முதலில் மெல்லிய ஃபோம் ஷீட், அதன்மேல் பபிள் ராப், நான்கு மூலைக்கும் கெட்டியான தெர்மாகோல், பிறகு பெட்டி என்று கேட்டுக்கொண்டேன். முகம் சுளிக்காமல் செய்தார்கள்.

உரசல் வந்தது வண்டியில் ஏற்றும்போதுதான். மெத்தைமேல் படுக்க வைக்கப் போனார் ஒரு பையன்.

"படுக்க வச்சா ஆடாதுண்ணே."

"வேண்டாம் தம்பி, நிக்க வச்சே கட்டுங்க."

மெத்தைமேல் என்றால் பத்திரம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இந்தத் திரைகளில் இருப்பது மெல்லிய கண்ணாடி. அதைத் தாங்குவது பெரும்பாலும் ஓரச் சட்டம்தான். படுக்க வைத்தால் நடுப்பகுதி தொய்ந்து, வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் வளைந்து நிமிரும். போதாததற்கு, தட்டையாக எதைப் பார்த்தாலும் அதன்மேல் யாராவது ஒரு மூட்டையை வைத்துவிடுவார்கள். நிற்க வைத்தால் கனம் கீழ்ச் சட்டத்தில் இறங்கிவிடும். கடைசியில் மெத்தையையே செங்குத்தாக நிறுத்தி, திரைப்பக்கம் அதைப் பார்த்திருக்கும்படி வைத்து, நடுவில் கயிறு அழுத்தாமல் ஓரமாகக் கட்டினார்கள்.

குடோன்தான் சுமார். முதலில் காட்டிய இடம் தகரக் கூரைக்கு நேர் கீழே, நின்றாலே வேர்த்தது. தரையிலும் ஈரம். கெஞ்சிக் கூத்தாடி உள்ளறையில் இடம் வாங்கி, பலகைமேல் நிறுத்தினோம். காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றித் தருகிறேன் என்றார் அங்கிருந்தவர். அதை மறுத்துவிட்டேன்: உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டதோடு சரி.

காப்பீட்டுத் தாளைப் படித்தேன். பெட்டியில் வெளிக்காயம் இல்லாமல் உள்ளே மட்டும் பழுதானால் பணம் கிடையாதாம். அதனால் டிவி வந்த அன்று, "கையெழுத்துப் போட்டீங்கன்னா கிளம்பிடுவோம்" என்று அவர்கள் அவசரப்படுத்தியும் நான் பேனாவைத் தொடவில்லை. அணைந்திருக்கும் திரையில் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆன் செய்தால்தான் கோடாகவோ கறுப்புத் திட்டாகவோ தெரியும். பிரித்து, அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, அதே வெள்ளை, அதே சிவப்பு ஓட்டிப் பார்த்தோம். பழுதில்லை. கையெழுத்துப் போட்டேன்.

காலி அட்டைப்பெட்டியைத் திருப்பி எடுத்துப்போகக் கேட்டார்கள். காசு கொடுத்து நானே வைத்துக்கொண்டேன். இப்போது பரணில் இருக்கிறது.