சிக்கிள் செல் நோய்: கொடையாளரின் ஸ்டெம் செல்லா, திருத்திய சொந்த ஸ்டெம் செல்லா?

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய ஆறாவது இடத்தில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் அமர்ந்துவிடுவதுதான் சிக்கிள் செல் நோயின் மூலம். ஆக்ஸிஜன் குறையும்போது அந்த ஹீமோகுளோபின் இழைகளாகத் திரண்டு சிவப்பணுக்களை அரிவாள்போல் வளைத்துவிடுவதால், நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டுக் கடும் வலியும் பக்கவாதமும் உறுப்புச் சிதைவும் நேர்கின்றன. இந்நோயை அடியோடு நீக்க இன்று இரு வழிகள் உள்ளன: இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் அடங்கிய எலும்பு மஜ்ஜையைப் பிறரிடமிருந்து ஏற்பது, அல்லது நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லின் மரபணுவைத் திருத்துவது.

முதல் வழியில் பழுதில்லாத மரபணு கொடையாளரிடமிருந்து அப்படியே வந்துசேர்கிறது. எனவே அங்கே முக்கியச் சிக்கல் நோயெதிர்ப்பு சார்ந்தது. எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்கள் பொருந்தாவிடில், கொடையாளரின் நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும். முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு உடன்பிறந்தோர் ஒவ்வொருவரிடமும் 25 சதவீதமே. பொருந்திவிட்டால் விளைவு மிக நன்று: 1986 முதல் 2013 வரை அவ்வாறு மாற்றுச் சிகிச்சை பெற்ற 1,000 பேரில் ஐந்தாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் ஏறத்தாழ 93 சதவீதம்; சிறுவயதில் செய்துகொண்டவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல்.

பொருந்தாதவர்களுக்குப் பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரோ உடன்பிறந்தவரோ கொடையாளராகலாம் என்ற நிலையை உருவாக்கியது ஓர் அழகான நோயெதிர்ப்பு ஆய்வு. செல்களைச் செலுத்திய மூன்றாம், நான்காம் நாள்களில் செல்களைக் கொல்லும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்தைக் கொடுத்தால், நோயாளியின் திசுக்களை அந்நியமாகக் கண்டு வேகமாகப் பெருகத் தொடங்கிய டி செல்கள் மட்டும் பெருமளவு மடிகின்றன. அம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தம்முள் கொண்ட ஸ்டெம் செல்களோ தப்பிவிடுகின்றன. இவ்வழி பெறவேண்டிய கவனத்தை இன்னும் பெறவில்லை என்பது என் கருத்து.

இரண்டாம் வழியில் கொடையாளரே தேவையில்லை. கருவிலிருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபின் வளர்ந்தபின்னும் மிகுதியாக நீடிப்பவர்களுக்கு நோய் லேசாகவே இருப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அந்தச் சுரப்பை அடக்கிவைப்பது பி.சி.எல்.11ஏ என்ற மரபணு என்பது 2008 வாக்கில் தெளிவாயிற்று. காஸ்ஜெவி என்ற மரபணுச் சிகிச்சை, சிவப்பணு உருவாகும் செல்களில் அம்மரபணுவை முடுக்கிவிடும் பகுதியை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் வெட்டுகிறது. லிஃப்ஜீனியா என்ற மற்றொரு சிகிச்சையோ எதையும் வெட்டாமல், மாற்றியமைத்த பீட்டா குளோபின் மரபணுவை, மரபணுவைச் சுமந்துசெல்லும் லென்டிவைரஸ் வழியே கூடுதலாகச் சேர்க்கிறது. இரண்டுக்கும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 டிசம்பர் 8 அன்று ஒரே நாளில் அனுமதி அளித்தது. காஸ்ஜெவி பெற்று மதிப்பிடப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதங்கள் கடும் வலித்தாக்குதல் வரவில்லை. லிஃப்ஜீனியா பெற்ற 32 பேரில் 28 பேருக்கு ஆறாம் மாதத்திலிருந்து பதினெட்டாம் மாதம்வரை வலித்தாக்குதல்கள் முற்றிலும் நின்றன. அளவிட்ட முறைகள் வேறு என்பதால் இவ்வெண்களை நேருக்கு நேர் நிறுத்தக்கூடாது. ஆனால் லிஃப்ஜீனியாவின் குறிப்பேட்டில் இரத்தப் புற்றுநோய் குறித்து, மிகக் கடுமையான வகையான கட்டமிட்ட எச்சரிக்கை உள்ளது, காஸ்ஜெவியில் இல்லை; இரண்டில் ஒன்றைத் தேர்வதென்றால் எனக்கு இதுவே போதுமான காரணம்.

சொந்தச் செல் என்பதால் டி செல் தாக்குதலின் அச்சம் இல்லை. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும் வேண்டாம். எனினும் திருத்திய செல்லுக்கு இடமளிக்கப் பழைய மஜ்ஜையை புசல்ஃபான் என்ற மருந்து கொண்டு அழித்தாக வேண்டும். அது குழந்தைப்பேற்றுத் திறனைப் பறிக்கக்கூடியது என்பதால் விந்தணு அல்லது கருமுட்டை சேமிப்பை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஆகவே பொருந்திய உடன்பிறப்பு உள்ள குழந்தைக்கு, பல்லாண்டு அனுபவம் பெற்ற மஜ்ஜை மாற்றையே முதலில் நாடுவது தகும். அத்தகைய உடன்பிறப்பு இல்லாதவருக்குப் பாதிப் பொருத்த முறையையும் காஸ்ஜெவியையும் ஒருங்கே எடுத்துரைப்பது மருத்துவரின் கடமை. புசல்ஃபானுக்கு மாற்றாக, ஸ்டெம் செல்லின் மேற்பரப்பிலுள்ள சி.டி.117 புரதத்தைக் குறிவைக்கும் எதிர்ப்புரதங்கள் ஆய்வில் உள்ளன. அவை வெற்றிபெற்றால் இந்த வரிசையை மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.