ஆஃப் செய்த ஃபயர்வால் தானாக ஆன் ஆகிறது: இரண்டு வருட ஆன்டிவைரஸ் அனுபவம்

அம்பாசமுத்திரத்திலிருந்து என் தோழி போன் செய்தாள். "ஏட்டி, நீ போட்டிருக்கியே அந்த ஆன்டிவைரஸ், இப்போ பாதி விலைக்குத் தாரான். வாங்கவா?" என்று கேட்டாள். அவளும் என்னைப் போல வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவள். வாங்கு என்றோ வாங்காதே என்றோ ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் அதோடு இருந்திருக்கிறேன். நன்றியும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. அவளுக்குச் சொல்ல நினைத்ததை எல்லாருக்குமாக எழுதிவிடுகிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பழைய கம்ப்யூட்டர் அதோடு போயிற்று. கணக்கெல்லாம் ஒரு பென்டிரைவில் எடுத்து பரணில் வைத்திருந்ததால் தப்பித்தேன். பொங்கல் கழிந்து புது டெஸ்க்டாப் வாங்கினோம். அதில் வேறொரு கம்பெனியின் ஆன்டிவைரஸ் சோதனைப் பதிப்பு ஏற்கெனவே இருந்தது. கடையில் அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, இப்போது நான் வைத்திருப்பதை ஏற்றித் தந்தார்கள். வைரஸ் பிடிப்பது, ஃபயர்வால் (நெட்வொர்க் வழியாக எது உள்ளே வரலாம், வெளியே போகலாம் என்று பார்த்துத் தடுக்கும் காவல்), இணையப் பாதுகாப்பு எல்லாம் சேர்ந்த தொகுப்பு அது. வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பழைய சோதனைப் பதிப்பை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

முதலில் நன்றி. எனக்குக் கணக்கு தருகிறவர்கள் பில் விவரங்களைப் பென்டிரைவில்தான் கொண்டுவருவார்கள். வருகிற வழியில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் செருகி, பிரிண்ட் எடுத்துவிட்டு வருவார்கள். ஃபோல்டரையெல்லாம் மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் போட்டு வைக்கும் வைரஸ் இப்படித்தான் வீடு வந்து சேரும். ஃபோல்டர் என்று நினைத்து நாம் தொட்டால் அதற்கு வழி திறந்துவிட்டது போல. இந்த ஆன்டிவைரஸ் அந்த வைரஸை ஒரு முறைகூட உள்ளே விட்டதில்லை. பென்டிரைவைச் செருகிய உடனே, நான் எதையும் திறக்கும் முன்பே, பிடித்துப் பூட்டிவிட்டுத் தகவல் சொல்லும். ஒரு முறை பத்தமடைப் பக்கமிருந்து வந்த ஒரு பென்டிரைவில் மட்டும் பதினொன்று பிடித்தது. என்னிடம் இருப்பது ஆறு பேருடைய தொழில் கணக்கு. அதைக் காப்பாற்றித் தந்த ஒன்றைச் சும்மா குறை சொல்ல எனக்கு மனசு வராது. கம்ப்யூட்டரும் மெதுவாகவில்லை. கணக்கு எழுதும் டேலி புரோகிராம் திறக்க முன்பு எடுத்த நேரம்தான் இப்போதும் எடுக்கிறது.

அதன் ஃபயர்வால்தான் தகராறு.

போன வருடம் ஜூன் 20. மாதா மாதம் போடுகிற ஜிஎஸ்டிஆர் 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அரிசி ஆலை அண்ணாச்சியுடையது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. தனி ஆள் கடை என்றால் போனுக்கு வரும் ஓடிபியை வைத்தே முடித்துவிடலாம். கம்பெனி என்றால் டிஎஸ்சி டோக்கனை, அதாவது கையெழுத்துச் சான்று இருக்கும் பென்டிரைவ் மாதிரியான ஒன்றைச் செருகி டிஜிட்டல் கையெழுத்துப் போட்டால்தான் ரிட்டர்ன் ஏறும். அந்தக் கையெழுத்துக்கு எம்சைனர் என்று ஒரு சின்ன புரோகிராம் நம் கம்ப்யூட்டரிலேயே ஓட வேண்டும். பிரவுசர் 127.0.0.1 என்கிற முகவரியில், 1585ஆம் போர்ட்டில் (போர்ட் என்றால் கதவு எண் மாதிரி) அதைக் கூப்பிடும். அது வெளியே எங்கும் போகிற அழைப்பு இல்லை. ஒரே வீட்டுக்குள் கூடத்திலிருந்து அடுக்களைக்குக் குரல் கொடுப்பது மாதிரி.

அன்று ராத்திரி அந்தக் குரல் போய்ச் சேரவே இல்லை. எம்சைனரோடு இணைய முடியவில்லை, மறுபடி தொடங்குங்கள் என்றே திரும்பத் திரும்ப வந்தது. தொடங்கினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். எம்சைனரை எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். கடைசி நாள் நெரிசலில் போர்ட்டல்தான் திணறுகிறது என்று ஒரு மணி நேரம் வீணாகக் காத்திருந்தேன். ஒன்பதரைக்கு அண்ணாச்சி போன் செய்தார். "என்ன தங்கச்சி, போட்டாச்சா?" என்றார். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி. பணம் பெரிதில்லை. ஒரு நாள் தாமதமும் இல்லாமல் போட்டுத் தருவேன் என்று நம்பித்தான் அவர் டோக்கனை என் கையில் தந்திருக்கிறார்.

பத்தே முக்காலுக்கு எதேச்சையாக ஆன்டிவைரஸின் பதிவுகளைத் திறந்தேன். ஃபயர்வால் பகுதியில் எம்சைனர் பெயர் வரிசையாக இருபது முப்பது தடவை. எல்லாவற்றுக்கும் எதிரில் "தடுக்கப்பட்டது". இரண்டு நாள் முன்பு அது தன்னைப் புது வெர்ஷனுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. அப்போது பழைய அனுமதிகள் எல்லாம் அழிந்துவிட்டன. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். கேட்காமல் தானாக முடிவெடுக்கும் முறைக்குப் போயிருந்தது. எம்சைனருக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். 11:20க்கு ரிட்டர்ன் ஏறியது. அண்ணாச்சிக்குச் செய்தி அனுப்பும்போது கை நடுங்கியது உண்மை.

அதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். வீட்டில் பிரிண்டர் டெஸ்க்டாப்பில்தான் இணைந்திருக்கிறது. உள் அறையில் என் மகள் லேப்டாப்பில் படிக்கிறாள், அங்கிருந்தே பிரிண்ட் கொடுப்பாள். அது ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது. மின்சாரம் போய் வந்தால் கண்டிப்பாக வராது. ஒரு டெக்னீஷியன் தம்பி வந்தான். விண்டோஸ் செக்யூரிட்டியில் சிவப்புக் குறி இருப்பதைப் பார்த்து விண்டோஸின் சொந்த ஃபயர்வாலையும் ஆன் செய்தான். பிரிண்டர் சுத்தமாக நின்றுவிட்டது. அடுத்த முறை வந்தபோது, "யக்கா, பேசாம ரெண்டு ஃபயர்வாலையும் ஆஃப் பண்ணிருவோம், வீட்டு கம்ப்யூட்டர்தான?" என்றான்.

இதில் எனக்கு உடன்பாடே இல்லை. 2003இல் பிளாஸ்டர் என்ற புழு, அதாவது நெட்வொர்க் வழியே தானாகப் பரவும் வைரஸ், உலகம் முழுக்க விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களைப் படுத்தியெடுத்த பிறகுதான், அடுத்த வருடம் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட்டில் ஃபயர்வாலை முதலிலிருந்தே ஆன் செய்து கொடுத்தார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் புழு பரவியதும் ஃபைல், பிரிண்டர் பகிர்வுக்கான அதே 445ஆம் போர்ட் வழியாகத்தான். யாரும் எதையும் திறக்காமலே கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் போனது. வீடு, ஆபீஸ் என்ற வித்தியாசம் புழுவுக்குக் கிடையாது. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்பதற்காக ஃபயர்வாலையே அணைக்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

பிறகு நானே உட்கார்ந்து படித்துப் புரிந்துகொண்டேன். புரிந்ததை ஆலை அண்ணாச்சிக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். அவருக்குக் கோடகன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் இருக்கிறது. ஒரே வாய்க்காலில் மேலே ஒரு மடை, கீழே ஒரு மடை. இரண்டும் திறந்திருந்தால்தான் தண்ணீர் வயலுக்கு வரும். இரண்டில் எது அடைத்திருந்தாலும் வயல் காயும். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு ஃபயர்வால் இருந்தால் இதேதான். உள்ளே வர இரண்டின் சம்மதமும் வேண்டும், தடுக்க ஒன்று போதும். ஒன்று என் வீட்டு வைஃபையைச் சொந்த நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு பிரிண்டரை அனுமதிக்கிறது. இன்னொன்று அதையே பொது இடம் என்று நினைத்துத் தடுக்கிறது. "அப்போ கீழ மடைக்காரனப் போய்ப் பாக்கணும்னு சொல்லு" என்றார் அண்ணாச்சி. அதேதான்.

என் வாய்க்காலில் மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. விண்டோஸ் செக்யூரிட்டியின் செட்டிங்ஸில் மேனேஜ் புரொவைடர்ஸ் என்று ஒரு இடம் இருக்கிறது. ஆன்டிவைரஸ் யார், ஃபயர்வால் யார் என்று அங்கே பட்டியல் இருக்கும். வேறெங்கும் தேடும் முன் அதைப் பாருங்கள். ஃபயர்வாலின் கீழ் எனக்கு மூன்று பெயர்கள் இருந்தன. விண்டோஸ், இப்போதைய ஆன்டிவைரஸ், அப்புறம் கடையில் அன்இன்ஸ்டால் செய்ததாகச் சொன்ன அந்தச் சோதனைப் பதிப்பு! நெட்வொர்க் அடாப்டரின் ப்ராப்பர்டீஸைத் திறந்தால் அங்கேயும் அதன் பெயரில் ஒரு ஃபில்டர் டிக் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒன்றரை வருடமாக, ஆள் இல்லாத வீட்டில் பூட்டு மட்டும் தொங்குவது மாதிரி. பாதுகாப்பு புரோகிராம்கள் சிஸ்டத்தின் அடிவரை இறங்கி உட்காருகிறவை. கன்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டால் கொடுத்தால் மேலே இருப்பது போகும், அடியில் இருக்கும் டிரைவர் என்ற பகுதி சில சமயம் தங்கிவிடும். அதற்கென்றே அந்தந்த ஆன்டிவைரஸ் கம்பெனி நீக்கும் கருவி ஒன்றைத் தன் தளத்தில் வைத்திருக்கும். அவர்களுடைய தளத்திலிருந்து மட்டும் அதை எடுங்கள். தேடினால் முதலில் வருகிற வேறு தளங்களில் அதே பெயரில் குப்பையெல்லாம் கிடக்கிறது.

விண்டோஸை அத்தியாவசியமானதோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் அந்தக் கருவியை ஓட்டினேன். மூன்று பெயர் இரண்டானது. அப்புறம் ஒரு முடிவெடுத்தேன். வைரஸ் பிடிக்க இந்த ஆன்டிவைரஸ், ஃபயர்வாலுக்கு விண்டோஸ் மட்டும். தொகுப்பின் ஃபயர்வாலை ஆஃப் செய்தேன், விண்டோஸுடையது ஆன் ஆகிவிட்டதா என்று பட்டியலில் சரிபார்த்தேன். வீட்டு வைஃபையை பிரைவேட் என்று மாற்றினேன். ஃபைல், பிரிண்டர் பகிர்வை பிரைவேட்டுக்கு மட்டும் அனுமதித்தேன், பப்ளிக்குக்கு இல்லை. வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தடுப்பது, உள்ளேயிருந்து போவதை விடுவது. விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பு அவ்வளவுதான். என் வேலைக்கு அது தாராளம். ஆன்டிவைரஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனை ஃபைலை இறக்கினேன். 68 எழுத்து கொண்ட, தீங்கில்லாத ஒரு வரி அது. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் போலவே பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இறக்கி முடிக்கும் முன்பே பிடித்தது. மகள் உள் அறையிலிருந்து பிரிண்ட் கொடுத்தாள். வந்தது. மறுநாளும் வந்தது. மின்சாரம் போய் வந்த பிறகும் வந்தது.

இது போன வருடம் ஜூலையில். இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல விமர்சனமாக இருக்கும்.

அக்டோபரில் ஒரு காலை பிரிண்டர் நின்றது. பார்த்தால், வெர்ஷன் மாறியதோடு தொகுப்பின் ஃபயர்வால் தானாக ஆன் ஆகியிருந்தது. மறதியாக நான்தான் தொட்டுவிட்டேனோ என்று நினைத்து மறுபடி ஆஃப் செய்தேன். மார்ச்சில் மறுபடி. இந்த மாதம் மூன்றாவது முறை, அதுவும் 19ஆம் தேதி. இந்தத் தடவை எனக்கு விவரம் தெரியும், ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் ஜூன் ராத்திரியின் பயம் அப்படியே வந்தது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். பொறுமையாகப் பேசினார்கள், பாதுகாப்புக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறோம் என்றார்கள். இது என் கம்ப்யூட்டர். யோசித்து, படித்து, ஒரு காரணத்தோடு ஒன்றை அணைத்திருக்கிறேன். அதைத் திருப்பிப் போட வேண்டும் என்றால் என்னிடம் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும், போட்டுவிட்டோம் என்றாவது சொல்ல வேண்டும். பென்டிரைவில் ஒரு வைரஸ் கிடைத்தால் திரை நிறைய அறிவிக்கிற புரோகிராம், இதை மட்டும் ஏன் சத்தமில்லாமல் செய்கிறது? அவர்களிடம் பதில் இல்லை.

அதனால் தோழிக்கு என் பதில்: வாங்காதே. பென்டிரைவ் வைரஸ் விஷயத்தில் அது தங்கம், மறுக்கவில்லை. ஆனாலும் வாங்காதே. ஃபயர்வால் சேராத, வைரஸ் மட்டும் பிடிக்கிற பதிப்பு கிடைத்தால் எடு. இல்லையென்றால் விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே இருக்கட்டும். வேறு ஆன்டிவைரஸ் ஏறினால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும், எடுத்துவிட்டால் தானாகத் திரும்பி வரும். பாதி விலை என்பதற்காக நான் பட்டதை நீ படாதே. என் சந்தா ஜனவரியில் முடிகிறது. அதுவரை வைத்திருப்பேன், புதுப்பிக்க மாட்டேன்.

இதை போனில் சொன்னபோது, "அப்போ ஏங்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு கெடக்கே, அதையும் கடையிலதான் எடுத்தான்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அம்பைக்கு வருகிறேன். நீக்கும் கருவியைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டேன். டிஎஸ்சி டோக்கனைக் கழற்றி பத்திரமாக வைத்துவிட்டு, டேலி பேக்கப் மட்டும் எடுத்து வை.