செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை: காதா, ஸ்கேனரா, கேஜா?

"வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று யார் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது, செல்ஃப் எடுக்கிறதா என்பதுதான். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு நின்றுவிட்டால் அது பேட்டரி, ஸ்டார்ட்டர் கதை. அதை இங்கே விட்டுவிடுவோம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், பெட்ரோல் போகவில்லை, ஸ்பார்க் இல்லை, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது) இல்லை, அல்லது இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாவிட்டால் இன்ஜினைக் கிளம்பவிடாத திருட்டுத் தடுப்பு) தடுக்கிறது. பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றுதான். எது என்று கண்டுபிடிக்கும் வழியில்தான் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறார்கள்.

என் ஓட்டு முதலில் காதுக்கும் மூக்குக்கும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, செல்ஃப் அடிக்காமல் காத்திருங்கள். பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் பின்சீட்டுப் பக்கம் இரண்டு மூன்று வினாடி 'ம்ம்ம்' என்று பெட்ரோல் பம்ப் முனகும். முனகல் இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே (பம்ப்புக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச்), பம்ப் என்று தேடும் இடம் சுருங்கிவிடுகிறது. அடுத்து செல்ஃப் அடித்துக் கேளுங்கள். நல்ல இன்ஜின் 'ருர்-ருர்-ருர்' என்று ஏறி இறங்கிச் சுற்றும். ஏற்ற இறக்கமே இல்லாமல் மிக்ஸி மாதிரி ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாக ஓடினால் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் அதற்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். சில இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளையும். டேஷ்போர்டில் சாவி விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். செலவில்லாமல் ஐந்தே நிமிடத்தில் இவ்வளவும் தெரிந்துவிடும்.

ஆனால் காதுக்கும் ஓர் எல்லை உண்டு. பம்ப் முனகுவதாலேயே பெட்ரோல் பிரஷர் இருக்கிறது என்று ஆகிவிடாது.

வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படிக்கும் கருவியான ஸ்கேனரை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கோடு, அதாவது கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் பழுது எண்ணை மட்டும் படிப்பவருக்குப் பாதி ஏமாற்றம்தான் மிஞ்சும். டேங்க் காலியாக இருந்தாலும் பெட்ரோல் கெட்டுப்போயிருந்தாலும் கோடு வராமல் போகலாம். வந்த கோடும் சர்க்யூட்டைத்தான் சொல்கிறது, பாகத்தை அல்ல: P0335 வந்தால் இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரும் போயிருக்கலாம், அதற்குப் போகும் ஒயரை எலி கடித்தும் இருக்கலாம். லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்தந்த நொடியில் காட்டும் அளவுகளைப் பார்ப்பவருக்கோ அதே கருவி தங்கம். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) 150, 200 என்று காட்ட வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால் இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அதனால் ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் கொடுக்காது. கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 என்று காட்டினால் சென்சார் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. கடுங்குளிர் என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றி, ப்ளக்கை நனைத்துவிடலாம்.

இதை நானே பட்டுத்தான் கற்றேன். என் பழைய கார் சூடானதும் நின்றுபோகும், அரைமணி நேரம் ஆறவிட்டால் சாதுவாகக் கிளம்பும். ஒர்க்‌ஷாப்பில் கோடு எதுவும் வரவில்லை என்று பம்ப்பை மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே மறுபடி நடுவழியில் நின்றேன். அன்று ஸ்கேனர் அடாப்டரைச் செருகி வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தேன்: ஆர்பிஎம் 0. சூட்டில் செத்து, ஆறினால் உயிர்பெறும் கிராங்க் சென்சார். பழைய பம்ப் இன்னும் டிக்கியில் கிடக்கிறது.

மூன்றாவது வழி பிரஷர் கேஜும் ஸ்பார்க் டெஸ்டரும். தீர்ப்பில் இதற்கு மிஞ்சியது இல்லை. பெட்ரோலை சிலிண்டருக்கு வெளியே தெளிக்கும் சாதாரண போர்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் பிரஷர் பொதுவாக 3 முதல் 4 பார் வரை இருக்க வேண்டும். கேஜ் 1 பார் காட்டினால் வாதமே வேண்டாம். சிக்கல் என்னவென்றால், பல வண்டிகளில் கேஜ் மாட்ட இடமே விட்டிருக்க மாட்டார்கள். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் செலுத்தும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினின் ஹை பிரஷர் லைனை வீட்டில் அவிழ்க்கவே கூடாது. ஸ்பார்க் பார்க்க ப்ளக்கைக் கழற்றிக் கையில் பிடித்து இன்ஜினில் உரசும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஷாக் அடிக்கும், ஸ்பார்க் தரும் இக்னிஷன் காயிலும் கெட்டுப்போகலாம், பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் தீயே பிடிக்கலாம்.

பாகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது வழியே அல்ல, சூதாட்டம். ஒரு விதிவிலக்கு: ரிலே. ஃப்யூஸ் பாக்ஸில் ஹாரன் ரிலேவும் பம்ப் ரிலேவும் ஒரே நம்பராக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வண்டி கிளம்பி, ஹாரன் ஊமையானால் குற்றவாளி கையில் இருக்கிறது.

ஆகவே காதில் தொடங்கி, லைவ் டேட்டாவுக்குப் போய், அதிலும் பிடிபடாவிட்டால் மட்டும் கேஜ் உள்ள மெக்கானிக்கிடம் போவேன். எதைச் செய்தாலும் ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், ஸ்டார்ட்டர் சூடாகிவிடும். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது பெட்ரோல் நின்று, காற்று மட்டும் போய் சிலிண்டர் காயும்.