காந்தப் பூட்டா, கொக்கித் தாழ்ப்பாளா? சமையலறை அலமாரிக்கு எது சரியான காவல்?

வீட்டில் இருக்கும் கொடிய திரவங்கள் பெரும்பாலும் சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரியில்தான் குவிந்திருக்கின்றன. குழாய் அடைப்பை நீக்கும் காரம், கழிவறைக்கான அமிலம், பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான வில்லைகள், பூச்சி மருந்து எல்லாம் அங்கேதான். தவழும் குழந்தையின் கண்ணுக்கு நேராக இருப்பதும் அதே அலமாரிதான். பெரும்பாலான குழந்தைகள் ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் தவழத் தொடங்கிவிடுகிறார்கள். அதன்பின் கதவு விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்க அதிக காலம் ஆவதில்லை. எனவே பூட்டு தேவையா என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. எந்தப் பூட்டு என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

"பாட்டிலின் மூடியே குழந்தையால் திறக்க முடியாத மூடிதானே" என்று சிலர் கேட்பார்கள். அந்த மூடிகளுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் சோதனை விதியைப் பார்த்தால் உண்மை புரியும். மூன்றரை முதல் நான்கேகால் வயதுக் குழந்தைகளிடம் மூடியைக் கொடுக்கிறார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் 85 சதவீதக் குழந்தைகளால் திறக்க முடியாமல் இருக்க வேண்டும். திறப்பது எப்படி என்று செய்து காட்டிய பிறகு 80 சதவீதத்தினரால் திறக்க முடியாமல் இருந்தால் போதும். அதாவது ஐந்தில் ஒரு குழந்தை திறந்துவிட்டாலும் அந்த மூடி தேர்ச்சி பெற்றுவிடும். மூடி கொஞ்சம் நேரத்தை வாங்கித் தரும், அவ்வளவுதான். காவல் கதவில்தான் இருக்க வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் பூட்டுகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். இரண்டு கைப்பிடிகளைச் சேர்த்து மாட்டும் வளையப் பூட்டு, கதவின் வெளிப்புறத்தில் ஒட்டும் பட்டைப் பூட்டு, உட்புறத்தில் பொருத்தும் கொக்கித் தாழ்ப்பாள், காந்தப் பூட்டு. இவற்றை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "குழந்தையால் இதைத் திறக்க முடியுமா?" என்பதுதான். நான் அதற்கு முன்பாக இன்னொன்றைக் கேட்பேன். கதவை மூடியதும் பூட்டு தானாகப் பூட்டிக்கொள்கிறதா, இல்லை யாராவது கை வைத்துப் பூட்ட வேண்டுமா?

அடுப்பில் ஏதோ பொங்குகிறது, தொலைபேசி அடிக்கிறது, இடுப்பில் குழந்தை. அந்த நேரத்தில் ஒரு கையால் அலமாரிக் கதவைத் தள்ளி மூடுபவர், திரும்பி வந்து பட்டையை மாட்டுவார் என்று நம்பி ஒரு குழந்தையின் உயிரை ஒப்படைக்க முடியாது. கையால் பூட்ட வேண்டிய பூட்டு, வீட்டிலேயே அதிகமாகக் களைத்துப்போன ஆளை நம்பி நிற்கிறது. இந்த ஒரு கேள்வியிலேயே முதல் இரண்டு வகைகளும் பின்தங்கிவிடுகின்றன.

வளையப் பூட்டுக்குத் துளை வேண்டாம், ஒட்டு வேண்டாம். வாடகை வீட்டுக்கும், சில நாள் தங்கப் போகும் இடத்துக்கும் வசதி. ஆனால் அருகருகே இரண்டு கைப்பிடிகள் உள்ள இரட்டைக் கதவுக்கு மட்டுமே பொருந்தும். அது குழந்தையின் கண்ணெதிரே, கைக்கு எட்டும் இடத்தில் தொங்கிக்கொண்டும் இருக்கும். 2012 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கைப்பிடியில் மாட்டும் பூட்டு ஒன்றைத் திரும்பப் பெற அறிவித்தது. விற்றிருந்தவை ஏறத்தாழ 9 லட்சம். ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் அந்தப் பூட்டை விடுவித்ததாக 140 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. மூன்று குழந்தைகள் உள்ளே இருந்த துப்புரவுத் திரவங்களை விழுங்கியோ கையாண்டோ சிகிச்சை பெற வேண்டியிருந்தது. ஒரு குறிப்பிட்ட தயாரிப்பின் கதைதான் இது. ஆனால் ஒன்பது மாதக் குழந்தையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை மறக்க முடியவில்லை.

பட்டைப் பூட்டு இதைவிடப் பல இடங்களில் பயன்படும். குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை மூடி, கைப்பிடியே இல்லாத கதவு என எதிலும் ஒட்டலாம். வளைந்து கொடுப்பதால் கதவின் மூலையைச் சுற்றியும் பொருத்தலாம். சிக்கல் இரண்டு. பிசுக்கு படிந்த பரப்பில் ஒட்டு நிலைக்காது, சமையலறையில் பிசுக்கு படியாத பரப்பு அரிது. மற்றொன்று முன்பே சொன்னதுதான், ஒவ்வொரு முறையும் மாட்ட வேண்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு அந்தச் சின்னப் பொத்தான்களை அழுத்துவதே தொல்லை. தொல்லையாக இருக்கும் பூட்டு ஒரு வாரத்தில் திறந்தே கிடக்கும்.

கொக்கியும் காந்தமும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். இரண்டுமே கதவை மூடினால் தாமாகப் பூட்டிக்கொள்பவை.

கொக்கித் தாழ்ப்பாள் எளிமையானது. கதவின் உட்புறத்தில் நீளமான பிளாஸ்டிக் கொக்கி ஒன்று, அலமாரியின் மேல்சட்டத்தில் அதைப் பிடிக்கும் ஒரு பகுதி. கதவை இழுத்தால் ஓர் அங்குலம் அளவுக்குத் திறந்து நின்றுவிடும். அந்த இடைவெளியில் விரலை விட்டுக் கொக்கியைக் கீழே அழுத்தினால் கதவு முழுதாகத் திறக்கும். சாவி இல்லை, எனவே தொலைய எதுவும் இல்லை. இரும்புக் கதவிலும் வேலை செய்யும். விலையும் குறைவு.

அந்த ஓர் அங்குல இடைவெளியில்தான் இதன் குறை முழுவதும் இருக்கிறது. ஒரு குழந்தை இந்தக் கதவின் முன் உட்கார்ந்திருக்கும்போது கவனித்துப் பாருங்கள். ஒரு கையால் கதவை இழுக்கிறது, கதவு கொஞ்சம் திறந்து நிற்கிறது. மறு கையின் நான்கு விரல்களையும் இடைவெளிக்குள் விடுகிறது. பிறகு, திறக்கவில்லையே என்ற கோபத்தில் இழுத்த கையாலேயே கதவைத் தள்ளுகிறது. விரல் நசுங்குவது இப்படித்தான். இடைவெளி வழியாக ஒரு பையையோ துணியையோ பற்றி வெளியே இழுத்துவிடவும் முடியும். அதோடு, பெரியவர்கள் விரல் விட்டு அழுத்துவதைக் குழந்தை தினமும் பார்க்கிறது. விரல் நீண்டு, கை உயர்ந்ததும் அதையே செய்துவிடும். இரண்டு வயதைத் தாண்டிய பல குழந்தைகளுக்கு இது ஒரு தடையே இல்லை. விடாமல் ஆட்டி ஆட்டி இழுத்தால் பிளாஸ்டிக் தளர்ந்து கொக்கி பிடி விடுவதும் உண்டு.

காந்தப் பூட்டில் அந்த இடைவெளியே கிடையாது. உட்புறத்தில் இருக்கும் தாழ் கதவை முழுதாக மூடிய நிலையிலேயே பிடித்துக்கொள்கிறது. தாழில் ஒரு காந்தம் அல்லது இரும்புத் துண்டு பதித்திருப்பார்கள். வெளியிலிருந்து சரியான இடத்தில் காந்தச் சாவியை வைத்தால், மரத்தின் ஊடாகவே அது தாழை இழுக்கிறது. உள்ளே 'டக்' என்று மெல்லிய ஓசை கேட்கும், கதவு விடுபடும். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டு இருப்பதே தெரியாது.

இங்கே குழந்தைக்குத் தந்திரம் தெரிந்துவிட்டாலும் பயனில்லை. சாவி கையில் இருந்தால்தான் திறக்கும். கொக்கித் தாழ்ப்பாள் குழந்தையின் அறியாமையை நம்பியிருக்கிறது, அந்த அறியாமையோ மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போகிறது. காந்தப் பூட்டைத் தவிர வேறெதையும் நச்சுப் பொருள் உள்ள அலமாரிக்கு நான் பரிந்துரைக்காததற்கு இதுதான் காரணம். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கும் இது இலகு. பிடித்து வைக்க வசதியான ஒரு குமிழ், அவ்வளவுதான்.

காந்தப் பூட்டு தோற்கும் இடங்கள்

இதற்கும் எல்லை உண்டு. காந்த விசை தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறையும். சாதாரண 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் கதவில் சிரமம் இல்லை. ஆனால் வேலைப்பாடு செய்த கனமான மரக்கதவாக இருந்தால், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்சத் தடிமனை அளவுகோல் வைத்துச் சரிபாருங்கள். இரும்புத் தகட்டுக் கதவில் சாவியின் விசை தகட்டோடு நின்றுவிடும். எவர்சில்வர் கதவு என்றால் ஒரு சாதாரண காந்தத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் இந்தப் பூட்டு அங்கே உதவாது. அலுமினியமும் கண்ணாடியும் காந்த விசையைத் தடுப்பதில்லை. கைப்பிடி இல்லாமல், அழுத்தினால் திறக்கும் கதவுகளோடு எல்லாக் காந்தப் பூட்டுகளும் ஒத்துப்போவதில்லை. ஒன்றே ஒன்றை வாங்கிப் பொருத்திப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குவது நல்லது.

பெரிய பலவீனம் வேறொன்று. பல காந்தப் பூட்டுகளில் உட்புறத்தில் ஒரு சிறு நெம்பு இருக்கும். அதைத் திருப்பினால் பூட்டு செயல்படாமல் நின்றுவிடும். பெரியவர்கள் மட்டும் இருக்கும்போது வசதியாக இருக்கட்டும் என்று வைத்தது. சமையல் மும்முரத்தில் அதைத் திருப்பி வைத்துவிட்டு மறந்தால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கையால் பூட்டும் பூட்டின் குறை அப்படியே பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. நச்சுப் பொருள் இருக்கும் அலமாரியில் அந்த நெம்பைத் தொடவே கூடாது என்பதை வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சாவி. பெரும்பாலும் இரண்டு சாவிகள் தருவார்கள். ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் உச்சிப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம், மற்றொன்றைச் சமையலறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். தொலைந்துபோனால் வலுவான நியோடிமியம் காந்தம் ஒன்று பெரும்பாலும் கைகொடுக்கும், அழகுக்கு ஒட்டும் காந்தம் போதாது. சாவி விரிசல் விட்டால் அன்றே அப்புறப்படுத்துங்கள். உள்ளே இருக்கும் காந்தங்கள் வெளியே வந்து, குழந்தை ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால், அவை குடலின் இரு பக்கங்களிலிருந்து ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடக்கூடும். வீட்டில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் இருந்தால், சாவியை அவர் மார்பிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியே பயன்படுத்த வேண்டும், சட்டைப் பையில் போடவே கூடாது.

நான்கைந்து வயதுள்ள மூத்த பிள்ளை இருக்கும் வீடுகளில் இன்னும் ஒரு கவனம் தேவை. சின்னக் குழந்தைக்கு எட்டாத சாவி, நாற்காலியை இழுத்துப் போடத் தெரிந்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ எட்டிவிடும்.

பொருத்துவதில் பாதி வெற்றி

நல்ல பூட்டை வாங்கி அரைகுறையாக ஒட்டி, "இது சரியில்லை" என்று தூக்கி எறிபவர்கள் அதிகம். ஒட்டும் வகையென்றால் கதவின் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, பிறகே ஒட்ட வேண்டும். சோப்பு நீர் ஒரு மென்படலத்தை விட்டுச் செல்லும், அது ஒட்டுக்குப் பகை. நல்ல தரமான அக்ரிலிக் ஒட்டுப்பட்டை முழு வலுவை அடைய அறை வெப்பத்தில் 72 மணி நேரம் வரை ஆகும். ஒட்டிய கையோடு இழுத்துப் பார்த்தால் அப்போதே பாதி பலம் போய்விடும். வழவழப்பான லாமினேட்டில் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். பெயின்ட் அடித்த பரப்பில் பெயின்ட்டோடு சேர்ந்தே உரிந்து வரும்.

நச்சுப் பொருள் அலமாரிக்குத் திருகாணியே மேல். கதவு 18 மில்லிமீட்டர் என்றால் திருகாணி, பூட்டின் அடிப்பாகத்தைக் கழித்து, 12 மில்லிமீட்டருக்கு மேல் மரத்துக்குள் போக வேண்டாம், நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும். சிறு துளை ஒன்றைப் போட்டுவிட்டுத் திருகினால் துகள்பலகை பொடியாது. கதவின் கீல் தளர்ந்திருந்தால் முதலில் அதை இறுக்குங்கள். கதவு சற்று இறங்கினாலும் தாழ் பிடியில் விழாது. சிங்க் அலமாரியில் மேலே தொட்டி இருப்பதால் பிடியைப் பொருத்த இடம் கிடைக்காமல் போகலாம், அங்கே பக்கவாட்டுப் பலகைதான் வழி. முதல் முறை கதவை மூடுவதற்கு முன், கதவு திறந்திருக்கும்போதே வெளியே சாவியை வைத்துத் தாழ் அசைகிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு சிறு பொட்டு ஒட்டிக்கொண்டால், கை பழகும் வரை தேட வேண்டியிருக்காது.

எந்த அலமாரிக்கு எது

எல்லாக் கதவுக்கும் பூட்டு போட வேண்டியதில்லை, போடவும் கூடாது. பத்து கதவுக்குச் சாவி தேட வேண்டியிருந்தால், பதினொன்றாம் நாள் சாவி எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே கிடக்கும். துப்புரவுத் திரவம், மருந்து, பூச்சிக்கொல்லி, கத்தி, தீப்பெட்டி, பொத்தான் பேட்டரி ஆகியவை இருக்கும் இடங்களுக்குக் காந்தப் பூட்டு. பொத்தான் பேட்டரியைக் குறிப்பிட்டே சொல்கிறேன். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். கண்ணாடிப் பாத்திரங்கள் இருக்கும் கதவுக்குக் கொக்கித் தாழ்ப்பாள் போதும். குளிர்சாதனப் பெட்டிக்குப் பட்டை. பிளாஸ்டிக் கிண்ணங்கள் இருக்கும் ஓர் அலமாரியைப் பூட்டாமல் விடுங்கள், குழந்தைக்கும் ஒரு கதவு திறக்க வேண்டும். தீயணைப்பான் இருந்தால் அதைப் பூட்டிய கதவுக்குள் வைக்காதீர்கள்.

இழுப்பறைகளை மறந்துவிடுகிறோம். அடுக்கடுக்காக இழுத்துவிட்டால் குழந்தைக்கு அது ஏணி. கீழ் இழுப்பறையில் ஆபத்தான பொருள் எதுவும் இல்லாவிட்டாலும், அதன்மேல் ஏறி மேடையில் உள்ள சூடான பாத்திரத்தை எட்டிவிட முடியும். அங்கேயும் காந்தப் பூட்டு பொருந்தும், பொருட்கள் தாழில் இடிக்காத அளவுக்கு மேலே இடம் இருந்தால்.

பூட்டு இருந்தும் ஏதாவது உள்ளே போய்விட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காரமோ அமிலமோ ஏறி வரும் வழியில் மறுபடி சுடும், மண்ணெண்ணெய் போன்றவை நுரையீரலுக்குள் இறங்கும். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

குழந்தை வளர்ந்து பூட்டு தேவைப்படாத காலம் வந்ததும், ஒட்டிய பூட்டை நெம்பிப் பிடுங்க வேண்டாம், லாமினேட் பெயர்ந்துவிடும். தலைமுடி உலர்த்தியால் சிறிது நேரம் சூடு காட்டி, பல்லிடுக்கில் விடும் நூலை ஒட்டுக்குப் பின்னால் கொடுத்து மெல்ல அறுத்து எடுத்தால் சுத்தமாக வந்துவிடும். மிச்சமிருக்கும் பிசினை விரலால் உருட்டி எடுத்துவிடலாம்.